சுசியம் வீட்டுக்கு முதல் பாட்டு

எங்கள் பாடகர் குழு ஒரு வீட்டை நான்கு வருஷம் தொடர்ந்து விட்டுவிட்டது. விட்டது எங்களுக்கே தெரியாது. கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் கண்டுபிடித்தது என் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த ஏஐ. நான் செய்ததெல்லாம் அதற்கு மூன்று கதவுகளைத் திறந்துவிட்டதுதான். அதையும் நல்ல எண்ணத்தில் செய்யவில்லை, வாய்ச்சவடால் விட்டு மாட்டிக்கொண்டதால் செய்தேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வேலை அம்பத்தூரில், வீடு காட்டுப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில். மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிப் பக்கத்துக் கோயிலுக்குப் போனேன். எங்களுக்குச் சர்ச் என்றாலும் கோயில் என்றாலும் ஒன்றுதான். ஆராதனைக்கு முன்னால் கண்ணாடி போட்ட ஒரு அக்கா வந்து, “ஆல்ட்டோ பாடுவியா?” என்று கேட்டார். ஆல்ட்டோ என்றால் நான்கு பாகப் பாட்டில் பெண்களின் கீழ்க்குரல். அவர்தான் பாடகர் குழுச் செயலாளர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் பதில் சொல்வதற்குள் கையில் ஒரு தாளைத் திணித்துவிட்டார். சோல்ஃபா தாள். ஸ்வரங்களை டோ, ரே, மீ என்று எழுத்துகளாலும் புள்ளிகளாலும் எழுதும் முறை அது. ஊரில் நான் சின்ன வயதில் படித்த அதே எழுத்து, அதே புள்ளி. பெயர்கூடத் தெரியாத இருபத்தோரு பேர் நடுவில் நின்று அன்றைக்கே என் பாகத்தைப் பாடிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து இரண்டு பேர் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டேன்.

என் ஆபீஸ் வேலையும் ஏறக்குறைய இதுதான். ஏஐ உலகத்துக் கதையெல்லாம் பேசும், ஆனால் உங்கள் அலமாரியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் அலமாரிக்கும் அதற்கும் நடுவே ஒரு வழி போட வேண்டும். முன்பு ஒவ்வொரு கம்பெனியும் அந்த வழியை ஒவ்வொரு விதமாகப் போட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டது. இப்போது எப்படிக் கேட்க வேண்டும், எப்படிப் பதில் தர வேண்டும் என்று ஒரு பொது முறை வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், யாரும் பயன்படுத்தலாம். அந்த முறைப்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதிவிட்டால், அதற்கு ஒத்துவருகிற எந்த ஏஐயும் அதன் வழியாக உள்ளே வந்து பார்க்கும். இதை எங்கள் மேனேஜருக்கு விளக்க எனக்கு அரை நாள் ஆனது. செயலாளர் அக்காவிடம் “மெஷினுக்கு சோல்ஃபா, அக்கா” என்றேன். “ஓ, எந்த ஊர் மெஷின் வந்தாலும் நம்ம தாளைப் பாடிடும்” என்றார். கணக்கு டீச்சரா கொக்கா?

சரி, மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன். டிசம்பரில் எங்களுக்குக் கேரல் ரவுண்ட்ஸ் உண்டு. குழு இரண்டாகப் பிரிந்து, இரண்டு வேன்களில் ஏறி, மூன்று நாள் சாயங்காலம் சபையார் வீடு வீடாகப் போய்ப் பாடும். நாற்பது வீட்டுக்கு மேல். டிரம் அடிப்பதைப் பத்து மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். வாசலில் வந்து நாங்கள் பாடினால்தான் அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் தொடங்கியதாகக் கணக்கு. அதனால் ஒரு வீடு விட்டுப்போனால் சும்மா போகாது. முந்தின வருஷம் விட்டுப்போன ஒரு வீட்டு அம்மா ஈஸ்டர்வரை எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நவம்பரில் ஞாயிறு பள்ளி அறையில் கூட்டம் போட்டு அக்கா இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, என் வாய் சும்மா இருக்காமல், “இந்த வருஷ லிஸ்ட்டை என்கிட்ட விடுங்க. ஒரு வீடு விட்டுப்போனாலும் என்னைக் கேளுங்க” என்றது.

எங்கள் டிரம்மருக்குக் குமணன்சாவடியில் டூவீலர் மெக்கானிக் ஷாப். டிரம் அடி எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு துடுக்கு. “சிஸ்டர், பேச்சு மாறக்கூடாது. ஒரே ஒரு ஊடு உட்டாலும் நம்ம ஜங்சன்ல நின்னுகினு நீங்க சோலோ பாடணும்” என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். பிறந்ததிலிருந்து இன்னொருவர் ராகத்துக்குக் கீழே ஒளிந்துகொண்டு பாடுகிற ஆல்ட்டோக்காரியை நடு ரோட்டில் சோலோ பாடச் சொன்னால் எப்படி இருக்கும்?

நான் திறந்த முதல் கதவு அக்காவின் நோட்டு. ரவுண்ட்ஸ் விவரத்தை வருஷா வருஷம் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். எந்த வீட்டில் எத்தனை நிமிஷம் ஆகிறது என்று தெரிந்துகொள்ள, பழைய நான்கு வருஷத்தையும் எக்செல்லில் அடித்துத் தரச் சொன்னேன். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து அடித்துத் தந்தார். இரண்டாவது கதவு சபையாரும் இருக்கிற எங்கள் வாட்ஸ்அப் குழு; நான்கு வருஷச் செய்திகளையும் அக்கா போனிலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போனதும் வேனில் இருப்பவர்கள் அந்த ஏரியாவின் பேரைப் போட்டு “வந்தாச்சு” என்று அதில் எழுதுவார்கள். அடுத்து வேன் வரவேண்டிய வீட்டுக்காரர் அதைப் பார்த்து ஸ்டார் லைட்டைப் போடுவார், அடுப்பில் எண்ணெய் வைப்பார். மூன்றாவது கதவு மேப். அதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை. எந்த நாட்டிலோ யாரோ அதே பொது முறையில் எழுதிப் பொதுவில் போட்டிருந்தார்கள். எடுத்துப் பொருத்தினேன், பொருந்தியது. முகம் தெரியாத அந்த ஆளுக்கு மனசுக்குள் ஒரு கேக் துண்டு எடுத்து வைத்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். ஏஐ எல்லாவற்றையும் படிக்கலாம், எதிலும் எழுதக் கூடாது. “அதுவே குரூப்ல மெசேஜ் போடட்டுமே சிஸ்டர், எனுக்கு வேலை மிச்சம்” என்று டிரம்மர் கேட்டுப் பார்த்தான். விடவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம், அக்கா, டிரம்மர், நான். மூன்று கதவையும் திறந்து, “குறைந்த தூரத்தில் எல்லா வீட்டையும் முடிக்கிற மாதிரி மூன்று நாளைக்கு ரூட் போட்டுக் கொடு” என்றேன். கடகடவென்று போட்டுக் கொடுத்தது. முதல் நாள் முதல் நிறுத்தம், குமணன்சாவடியில் ஒரு பஜ்ஜிக் கடை. இரண்டாவது, ஒரு பேக்கரி. டிரம்மருக்குத் தலைகால் புரியவில்லை.

“மெஷினுக்கு இன்னா அறிவு பாருங்க! இதான் கரீக்ட்டான ரூட்டு. இத்த மாத்தாதீங்க.”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். அக்கா எந்த வீட்டையும் பெயர் போட்டு எழுதவே இல்லை. பஜ்ஜி வீடு, கேக் வீடு, பாயாச வீடு என்று, என்ன சாப்பிடக் கொடுத்தார்களோ அதுதான் வீட்டின் பெயர். பலகாரம் இல்லாத ஒரே வீடு “நாய் வீடு.”

“என்னக்கா இது?”

“பேரெல்லாம் மறந்துடும்மா. தின்னது மறக்குமா?”

பக்கத்தில் ஏரியா எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு வீட்டுக்கும் சரியான இடத்தைக் குறித்துக் கொடுத்து, “பலகாரத்தை வைத்து இடம் தேடாதே” என்று சொல்லி, மறுபடி கேட்டேன். இந்த முறை ரூட் வரவில்லை, ஒரு கேள்வி வந்தது. அதை நான் சத்தமாகப் படித்தேன்.

“முத்தாபுதுப்பேட்டை, சுசியம் வீடு: நான்கு வருடங்களும் நோட்டில் டிக் உள்ளது. ஆனால் குழுச் செய்திகளில் நான்கு வருடங்களிலும் இந்த வீட்டுக்கு ‘வந்தாச்சு’ என்ற செய்தி இல்லை. மற்ற எல்லா டிக்குக்கும் செய்தி இருக்கிறது. எதைச் சரி என்று எடுத்துக்கொள்வது?”

“அது நம்ம கோயில்குட்டி அண்ணன் வீடு” என்றார் அக்கா.

கோயில்குட்டி என்றால் கோயிலைத் திறந்து, மணி அடித்து, பாட்டு எண் பலகையில் எண்களை மாட்டி, கடைசி ஆள் போன பிறகு பூட்டுகிறவர். எங்கள் கோயிலில் அதைச் செய்கிற அண்ணன் அதிகம் பேசமாட்டார். அவர் மனைவிக்கு இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நடை போய்விட்டது. படி ஏறாத வீடாகத் தேடித்தான் நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டைக்குக் குடிபோனார்கள். அண்ணன் அங்கிருந்து தினமும் மொபெட்டில் வருகிறார். அந்த அக்கா அதற்குப் பிறகு கோயிலுக்கு வந்ததே இல்லை. ஆக, நாங்கள் போய்ப் பாடினால்தான் அவருக்குப் பாட்டு.

“நீங்க போனீங்கல்ல?” என்றார் அக்கா டிரம்மரிடம்.

“நானா? இல்ல டீச்சர். எங்க வேன்ல டைம் ஆயிடும். ரெண்டாவது வேன் போயிருக்கும்னு...”

நானும் அக்காவும் இரண்டாவது வேன். முதல் வேன் போயிருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தூரத்து வீடு என்பதால் அது எப்போதும் மூன்றாம் நாள் கடைசியில்தான் இருக்கும். பத்து மணி ஆனதும் யாரோ போயிருப்பார்கள் என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவோம்.

“அப்போ டிக் எதுக்குக்கா போட்டீங்க?”

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். “சுசியம் வந்துச்சேம்மா.”

வந்தது, உண்மைதான். ஒவ்வொரு வருஷமும் ரவுண்ட்ஸ் முடிந்த மறுநாள் ஒத்திகைக்கு, கோயில்குட்டி அண்ணன் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறையச் சுசியம் கொண்டுவருவார். “நேத்து கொஞ்சம் கூடப் போயிடுச்சு, எடுத்துக்குங்க” என்பார். பாசிப்பருப்பும் வெல்லமும் வைத்துப் பொரித்த உருண்டை. சூட்டில் தின்ன வேண்டிய பண்டம். மறுநாள் அதன் தோல் வார் மாதிரி ஆகிவிடும். டிரம்மர் ஒன்றை எடுத்து ஓடி வந்து, “இத்த வெச்சு பவுலிங்கே போடலாம் மாமே” என்று டெனர் குரல் பாடுகிறவனுக்கு வீசுவான். நாங்கள் சிரிப்போம். மூன்று வருஷம் நானும் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். அக்கா நோட்டை எடுத்து, பலகாரம் வந்துவிட்டது என்று டிக் போடுவார்.

கூடப் போய்விடவில்லை. எங்களுக்காகச் சுட்டு வைத்து, நாங்கள் வராமல் போனதால் மிஞ்சியது. எண்ணெய் வைத்த அடுப்புப் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேர் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், நான்கு வருஷம்.

எனக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. டிரம்மர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, “பந்து மாரி வீசினேனே சிஸ்டர்” என்றான்.

மறுபடி ரூட் போடச் சொன்னேன். மூன்றாம் நாள், கடைசி வீடு, முத்தாபுதுப்பேட்டை, ஒன்பது நாற்பது. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏஐயைத் திட்ட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். குறைந்த தூரத்தில் எல்லா வீட்டையும் முடி என்று நான்தானே சொல்லியிருந்தேன்! எங்கள் மாதிரியே நினைக்கச் சொல்லிவிட்டு, எங்கள் மாதிரியே நினைக்கிறதே என்று கோபப்பட்டால் எப்படி?

“முதல் நாள், முதல் வீடு, முத்தாபுதுப்பேட்டை. இரண்டு வேனும் சேர்ந்து” என்று அடித்தேன். அப்படிச் செய்தால் அன்றைக்கு இரண்டு வீடு விட்டுப்போகும், மூன்றரை மணிக்கே கிளம்பினால் எல்லாம் முடியும் என்று பதில் வந்தது.

“பட்டப்பகல்ல கேரலா?” என்றார் அக்கா.

“வெயில்லயே போவோம் டீச்சர். எனுக்கு ஒண்ணியும் இல்ல” என்றான் டிரம்மர்.

அண்ணனிடம் நேரில் சொன்னால், “எங்க வீடு எங்க போயிடப் போகுது, கடைசியில பார்த்துக்கலாம்” என்பார். அதனால் அக்கா குழுவில் ஒரே வரி போட்டார்: ஞாயிறு மாலை நான்கரை, முதல் வீடு முத்தாபுதுப்பேட்டை, எல்லாரும். சிறிது நேரம் கழித்து அண்ணனிடமிருந்து ஒரு கும்பிடு மட்டும் வந்தது.

ஞாயிறு மூன்றரைக்குச் சிவப்பும் வெள்ளையுமாக உடுத்திக்கொண்டு வேர்க்க வேர்க்க வேனில் ஏறினோம். ஆவடி தாண்டுவதற்குள் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டிருந்த, பேஸ் குரல் பாடுகிறவர் தாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முத்தாபுதுப்பேட்டையில் தெரு திரும்பியதுமே வீடு எது என்று தெரிந்துவிட்டது. சுள்ளென்று அடிக்கிற வெயிலில் ஒரு வீட்டு வாசலில் மட்டும் ஸ்டார் லைட் எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சமே தெரியவில்லை, ஆனாலும் எரிந்தது. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசல்படிக்குள்ளே நாற்காலியில் அந்த அக்கா, புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து உட்கார்ந்திருந்தார்.

டிரம்மர் அன்றைக்கு அடித்த அடியை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் மாடியில் நின்று கைதட்டினார்கள். இருபத்திரண்டு பேரும் நான்கு பாகமும் கூடிப் பாடினோம். அந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். நான் அழுதுகொண்டே பாடினேன், சுருதி சேர்ந்ததா என்று கவலைப்படவில்லை.

பாட்டு முடிந்து உள்ளே போனோம். கூடத்தில் ஒரு ஷோகேஸ். அதன் நடுத்தட்டில் நான்கு அட்டைகள் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. எனக்குச் சட்டென்று புரியவில்லை. செயலாளர் அக்காதான் என் கையைப் பிடித்து அழுத்தினார். எங்கள் குழு புதுவருஷத்துக்கு, டிக் விழுந்த வீட்டுக்கெல்லாம் அனுப்புகிற நன்றி அட்டைகள். “உங்கள் இல்லத்துக்கு வந்து பாடியதில் மகிழ்ந்தோம்” என்று அச்சடித்திருக்கும். அவற்றைக் கோயில் வாசலில் நின்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் எடுத்துக் கொடுப்பவரே கோயில்குட்டி அண்ணன்தான். தன் அட்டையையும் தானே எடுத்துக்கொண்டு வந்து இங்கே வைத்திருக்கிறார்.

செயலாளர் அக்கா நாற்காலிப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். “எங்களை மன்னிச்சுடும்மா. ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே” என்றார்.

“சொல்லி வரவச்சா அது கேரலா?” என்று சிரித்தார் அந்த அக்கா. பிறகு ஷோகேஸைக் காட்டி, “அட்டை நாலு வந்துடுச்சு. பாட்டுதான் வரல. இன்னிக்கு நாலையும் சேர்த்துப் பாடிட்டுப் போங்க” என்றார்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். பாடினோம். வாசலில் பாடிய ஒன்று இந்த வருஷத்துக்கு, உள்ளே நான்கு, நான்கு வருஷத்துக்கு. இரண்டாவது பாட்டிலேயே அடுக்களையிலிருந்து வெல்லமும் ஏலக்காயும் மணக்க ஆரம்பித்தது. டெனர்காரன் வரி தவறினான். நான்காவது முடிவதற்கும் அண்ணன் தாம்பாளத்தோடு வருவதற்கும் சரியாக இருந்தது. அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தது, மேலே இன்னும் நுரை அடங்கவில்லை. நான் பொறுமை இல்லாதவள். கடித்தேன், உள்ளே பூரணம் நெருப்பு, நாக்கு வெந்துவிட்டது. மொறுமொறுவென்று ஓடு, உள்ளே இளகிய வெல்லம். இதைத்தானா நாங்கள் பந்து என்றோம்!

டிரம்மர் எத்தனை தின்றான் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவை தாம்பாளம் வரும்போதும் எழுந்து நின்று வாங்கினான். “சூடா கீதுண்ணே” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது வேனில் ஏறி போனை எடுத்தவன், “வந்ததும் போட மறந்துட்டேன் சிஸ்டர்” என்று சொல்லி, குழுவில் “முத்தாபுதுப்பேட்டை வந்தாச்சு” என்று எழுதினான்.

அங்கே ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. லேப்டாப் போட்ட திட்டம் அன்றைக்கு அத்தோடு காலி. வெந்த நாக்கோடு அடுத்த வீடுகளில் நான் பாடியதை ஆல்ட்டோ என்று சொல்ல முடியாது. எப்படியோ ஓடி ஓடி மூன்று நாளில் எல்லா வீட்டையும் முடித்தோம். குமணன்சாவடி மக்கள் என் சோலோவிலிருந்து தப்பித்தார்கள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது மறுநாள் திங்கட்கிழமைதான். அன்றைய ரவுண்ட்ஸுக்குக் கிளம்பக் கோயிலில் கூடியிருந்தோம். கோயில்குட்டி அண்ணன் மொபெட்டை நிறுத்திவிட்டு, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வெறுங்கையோடு வந்தார்.

“இன்னாண்ணே, டப்பா எங்க?” என்றான் டிரம்மர்.

அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

“ஒண்ணுகூட மிஞ்சலப்பா.”